மீதி முந்நூற்றைம்பது சதுர அடி

தம்பி பன்னிரண்டு வருஷம் கழித்து ஊரோடு வந்துவிட்டான். கடல் தாண்டி ஒரு கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தவன். பார்வை மங்க ஆரம்பித்ததும், இனிமேல் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் மிச்சமும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவியையும் இரண்டு பெண்களையும் ஏழு பெட்டிகளையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில் வந்து இறங்கினான். அண்ணன் முன்பக்கத்துச் சின்ன அறையை ஒழித்துக் கொடுத்தார். நான்கு பேரும் பெட்டிகளும் அதில் அடங்கியபோது, கதவைத் திறப்பதற்கு யாராவது ஒருவர் எழுந்து நிற்க வேண்டியிருந்தது.

"கொஞ்ச நாள்தானே, மேல கட்டிட்டா போயிடப் போறோம்" என்று தம்பி பெண்களைத் தேற்றினான்.

மேலே என்றால் மொட்டை மாடி. அப்பா உயிலில் அப்படித்தான் எழுதியிருந்தார். கீழ் வீடு மூத்தவனுக்கு. அதன்மேல் மாடி கட்டிக்கொள்ளும் உரிமை இளையவனுக்கு. நடுவில் பிறந்தவளைப் படிக்க வைத்துக் கட்டிக் கொடுத்தாயிற்று என்று, அவள் பேரில் எதுவும் எழுதவில்லை. அவளுக்கு அதில் மனத்தாங்கலும் இருந்ததில்லை. அவள் அங்கிருந்து நாலு தெரு தள்ளி, ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்த எஞ்சினியர் ஆபீஸில் வீட்டு பிளான் போடும் வேலையில் இருந்தாள். இருபது வருஷமாக அதே நாற்காலி. அந்தப் பக்கத்தில் அவளுக்கு பிளான் அக்கா என்றே பெயர் ஆகிவிட்டது. அவள் பார்க்காத சமையலறை அந்த வட்டாரத்தில் இல்லை என்று எஞ்சினியர் கேலி செய்வார்.

தம்பி வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை அவளை மாடிக்குக் கூட்டிப் போனான். தரையெல்லாம் சாக்பீஸ் கோடு. இது ஹால், இது சமையல், இது பெண்களுக்கு என்று ஒவ்வொரு கட்டமாக நின்று காட்டினான். பெண்கள் இருவரும் அதற்குள் தங்கள் கட்டத்தில் குடியேறி, ஜன்னல் பக்கம் யாருக்கு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னவள் வாசலை மறந்து சுவர்க் கோட்டைத் தாண்டி வந்துவிட்டாள் என்று பெரியவள் அவளைத் திரும்ப உள்ளே அனுப்பி, வாசல் வழியாக வரச் சொன்னாள்.

"பிளான் எப்பக்கா போட ஆரம்பிக்கலாம்?"

"ஆபீஸ்ல கொஞ்சம் நெருக்கடிடா. இந்த மாசம் போகட்டும்."

நெருக்கடி ஒன்றும் இல்லை. அந்த மாடியில் எண்ணூறு சதுர அடிக்கு வீடு வராது என்பது அவளுக்குப் பத்து வருஷமாகத் தெரியும்.

ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதற்கு பிளான் அனுமதி கொடுக்கும் அலுவலகம் தெருவுக்குத் தெரு ஓர் அளவு வைத்திருக்கிறது. அந்தத் தெருவுக்கு வைத்தது ஒன்றுக்கு ஒன்று. மனை ஆயிரத்து அறுநூறு சதுர அடி என்றால், கீழும் மேலுமாகச் சேர்த்து ஆயிரத்து அறுநூறுக்கு மேல் ஓர் அடிகூட எழும்பக் கூடாது. தெரு குறுகல், சாக்கடைக் குழாய் சின்னது, தீயணைப்பு வண்டி உள்ளே வந்தால் திரும்ப முடியாது என்பவை காரணம். தெருமுனையைத் தாண்டினால் பெரிய ரோடு. அங்கே எட்டு மாடிக் கட்டடங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றன. அவற்றின் நிழல் மட்டும் தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு இந்தத் தெருவுக்குள் வந்து போகும்.

அப்பா இதையெல்லாம் விசாரித்துக்கொண்டுதான் கட்டினார். கீழே எண்ணூறு, மேலே எண்ணூறுக்கு இடம் விட்டார். தூண்களை மாடி தாங்கும்படி போட்டு, படிக்கட்டை வெளிப்புறமாக வைத்து, மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் துருப்பிடிக்காமல் இருக்க ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்து வைத்தார். இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்குப் பாதி. அவரைப் பொறுத்தவரை விஷயம் அத்தோடு முடிந்தது.

பத்து வருஷத்துக்கு முன் அவர் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். வீட்டுக் கதவுகளுக்குள் சக்கர நாற்காலி நுழையவில்லை. குளியலறை பின்கட்டில் மூன்று படி இறங்கி இருந்தது. அகலக் கதவும் பக்கத்திலேயே குளியலறையும் வைத்து ஓர் அறை கட்டியே ஆக வேண்டும் என்று ஆயிற்று. நூற்றைம்பது சதுர அடி தாராளமாகப் போதும் என்று அவள் வரைந்து கொண்டுபோனாள். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, கட்டுவதுதான் கட்டுகிறோம், கையோடு கொஞ்சம் பெரிதாகவே கட்டிக்கொள்ளலாமே என்றார். பின்பக்கத்து அறை முந்நூற்றைம்பது ஆயிற்று. வருகிறவர் போகிறவருக்கு இருக்கட்டும் என்று முன்பக்கத் திறந்த போர்ட்டிகோவையும் சுவர் வைத்து மூடினார்கள். தம்பி குடும்பம் இப்போது அடைந்திருந்த சின்ன அறை அதுதான். அது ஒரு நூறு. ஆக, கீழே மட்டும் ஆயிரத்து இருநூற்றைம்பது. காகிதத்தின் ஓரத்தில் அவள் பென்சிலால் கழித்துப் பார்த்தாள். தம்பிக்கு மீதி முந்நூற்றைம்பது.

மனை அப்பா பேரில் இருந்ததால் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். தலையணையில் சாய்ந்துகொண்டு பேனாவை வாங்கியவர், போடுவதற்கு முன் அவள் முகத்தைப் பார்த்தார்.

"சின்னவன் மேல கட்டும்போது ஏதும் தடங்கல் வராதேம்மா?"

"வராதுப்பா."

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

முழுப் பொய் என்று நினைத்துக்கொண்டு அவள் அதைச் சொல்லவில்லை. அடுத்த நகரத் திட்டத்தில் அந்தத் தெருவின் அளவை இரண்டாக உயர்த்தப் போகிறார்கள் என்று அப்போது எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவளும் நம்பினாள். நம்புவது வசதியாக இருந்தது. நாலு வருஷம் கழித்துப் புதிய திட்டம் வந்தது. தெருவின் அளவு இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்குள் அப்பா போய்ச் சேர்ந்திருந்தார். அன்றைக்காவது தம்பிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். நேரில் வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். நேரில் வந்து ஒரு மாதமும் ஆகிவிட்டது.

மழை வந்து சாக்பீஸ் கோடுகளை அழித்தது. பெண்கள் மறுபடி போட்டார்கள். இரண்டாவது மழைக்குப் பிறகு தம்பி காத்திருக்கவில்லை. வரி ரசீதை எடுத்துக்கொண்டு நேரே அலுவலகத்துக்குப் போய் விசாரித்தான். கவுண்டரில் இருந்த அதிகாரி பழைய கோப்பைத் தேடி எடுத்து, மேலே முந்நூற்றைம்பதுதான் மீதி என்று விரலை வைத்துக் காட்டிவிட்டார்.

மத்தியானம் அவள் கம்ப்யூட்டரில் யாருடைய வீட்டுக்கோ படிக்கட்டு வைத்துக்கொண்டிருந்தபோது தம்பி உள்ளே வந்தான். வந்தவன் உட்காரவில்லை. ஜெராக்ஸ் எடுத்த பிளானை மேஜைமேல் விரித்து, வரைந்தவர் கையெழுத்துப் போடும் கீழ் மூலையைத் தொட்டான்.

"இது உன் கையெழுத்துதானேக்கா?"

"ஆமா."

"அண்ணனுக்கு இது தெரியுமா?"

"நான் சொல்லல. அண்ணனும் கேட்கல."

"அப்பாவுக்கு?"

அவள் எழுந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவன் பக்கம் நீட்டினாள். அவன் அதை வாங்கவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. காகிதத்தை மெதுவாகச் சுருட்டி, ரப்பர் வளையத்தைத் தேடி மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டில் பேச்சு நடந்தது. அண்ணன் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். நிமிஷத்துக்கு நிமிஷம் டிரைவர்களின் சண்டையைத் தீர்த்துத் தீர்த்து, எந்தச் சண்டையும் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட வேண்டும் என்று நினைக்கிறவர். இதற்கும் அவரிடம் வழி இருந்தது. அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழிதான். திறந்த பால்கனி கட்டட அளவில் சேராது. பிளானில் அறையை பால்கனி என்று காட்டி அனுமதி வாங்கிவிட்டு, அதிகாரி வந்து பார்த்துப் போனதும் சுவர் எழுப்பிக்கொள்ளலாம்.

"இதுக்குப் போய் ஏன் எல்லாரும் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க?" என்றார். "நீதான் ஊருக்கெல்லாம் போட்டுக் குடுக்கிறியே. நம்ம வீட்டுக்குப் போட மாட்டியா?"

உண்மைதான். அவளே பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்கு அப்படிப் போட்டிருக்கிறாள். தம்பி அவள் முகத்தைப் பார்க்காமல், ஆகட்டும், எப்படியோ குடியேறினால் சரி என்றான். அவளும் சரி என்றாள். செய்த தவறுக்கு இதையாவது செய்யலாம் என்று தோன்றியது.

இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்தாள். பெண்களின் அறை, பாதிச் சமையலறை, ஹாலில் ஒரு பங்கு, எல்லாவற்றையும் பால்கனி ஆக்கினால்தான் நானூற்றைம்பது அடியை மறைக்க முடிந்தது. அச்சடித்து விரித்ததும் எஞ்சினியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"வீட்டுக்கு பால்கனி வைப்பாங்க. நீ பால்கனிக்கு வீடு வெச்சிருக்கியே" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, உன் சொந்தத் தம்பி என்கிறாய், யோசித்துக்கொள் என்றார்.

அவர் எதைச் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியும். போன மாதம் பக்கத்துத் தெருவில் யாரோ மனு போட்டதில், கூடுதலாகக் கட்டிய மேல்தளம் ஒன்றுக்கு அதிகாரிகள் வந்து சீல் வைத்துவிட்டார்கள். குடியிருந்தவர்கள் பீரோவைக் கயிறு கட்டி இறக்கியதை அவள் தெருவில் நின்று பார்த்தாள். ஒரு பெண் சமையல் பாத்திரங்களை மடியில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டுக்கு பிளான் போட்டது இவள் இல்லை. ஆனாலும் அன்று பூராவும் எதுவும் ஓடவில்லை.

வரைந்த தாளை மறுபடி பார்த்தாள். நாளை யாராவது மனு போட்டால் சீல் விழப்போவது மாடிக்குத்தான். கீழே உள்ள ஒரு செங்கல்லையும் எவரும் தொட முடியாது; அதற்கு முறையான அனுமதி இருக்கிறது, அவள் கையெழுத்தோடு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாளை எடுத்துக்கொண்டு போனாள். ஹாலில் அண்ணனும் தம்பியும் இருந்தார்கள். தம்பி மனைவி முன்னறை வாசலில் நின்றாள். பின்னறையிலிருந்து தையல் மெஷின் சத்தம் வந்துகொண்டிருந்தது. அப்பா இருந்த அந்த அறையில்தான் இப்போது அண்ணி நாலு மெஷின் போட்டு, இரண்டு பெண்களை வேலைக்கு வைத்துப் பள்ளிக்கூட உடுப்பு தைக்கிறாள்.

"இதை நான் குடுக்கப் போறதில்ல" என்று அவள் தாளை நாலாக மடித்தாள். "இதைக் குடுத்தா, அண்ணன் கட்டினது சட்டப்படி இருக்கும், இவன் கட்டறது திருட்டுத்தனமா ஆயிடும். இவன் பங்குலதான் அண்ணன் வீடு நிக்குது. அப்பாவுக்குத் தேவைப்பட்டது நூத்தம்பது. அது போகட்டும். மத்த முந்நூறு அடியை இடிச்சுத் திருப்பிக் குடுங்க. அப்பதான் இவனுக்கு வீடுன்னு சொல்ற மாதிரி ஒண்ணு வரும்."

மெஷின் சத்தம் நின்றது. அண்ணி கழுத்தில் டேப்போடு வெளியே வந்தாள்.

"அந்த ரூம்ல மாமா ரெண்டு வருஷம் படுத்துக் கிடந்தார். படுக்கையைச் சுத்தம் பண்ணினது நானு. ராத்திரி பகல் பாக்காம திருப்பிப் படுக்க வெச்சது நானு. அப்ப யாரும் வந்து எத்தனை சதுர அடின்னு கேட்கல."

"நான் வரலைன்னு சொல்றீங்களா அண்ணி?" என்றான் தம்பி.

"வரலைங்கறது உங்களுக்கே தெரியும். மூணு நாள் லீவுல, எல்லாம் முடிஞ்சப்புறம் வந்தீங்க."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அண்ணி சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். தம்பி மனைவி மட்டும், பிள்ளைகள் இருக்கிறார்கள், மெதுவாகப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு முன்னறைக் கதவைச் சாத்தினாள்.

நடுவில் பிறந்தவள் அப்போதுதான் அதைச் சொன்னாள். பத்து வருஷமாக வாய்வரை வந்து திரும்பிப் போன பேச்சு. அப்பா கையெழுத்துப் போடுவதற்கு முன் சின்னவனைப் பற்றிக் கேட்டார் என்றும், தடங்கல் வராது என்று தான் சொன்னதாகவும், முந்நூற்றைம்பதுதான் மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே அப்படிச் சொன்னதாகவும் சொன்னாள்.

அண்ணன் அவள் பக்கம் திரும்பினார்.

"அப்பா கேட்டாரா?"

"கேட்டார்."

"எங்கிட்டயும் சொல்லலியே நீ."

"சொல்லியிருந்தா சின்னதா கட்டியிருப்பீங்களா?"

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அண்ணி உள்ளே போனாள். ஆனால் மெஷின் மறுபடி ஓடவில்லை. தம்பி அக்காவின் கையிலிருந்த தாளை வாங்கி, பிரித்துக்கூடப் பார்க்காமல் ஜன்னல் மேல் வைத்தான்.

"அவர் கேட்டது எனக்காக. நீ எங்கிட்ட சொல்லியிருக்கலாம்க்கா" என்றான். அதன் பிறகு அவளோடு பேசவில்லை.

அந்த வாரமே சைக்கிள் கடைக்குப் பின்னால் இரண்டு அறை வாடகைக்குப் பார்த்துக்கொண்டு தம்பி குடும்பம் போய்விட்டது. ஏழு பெட்டிகளையும் மூன்று நடையாகத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள் என்று ஜெராக்ஸ் கடைக்காரர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அவள் இரண்டு தடவை போய்ப் பார்த்தாள். தம்பி மனைவி நாற்காலி போட்டாள், நல்லபடியாகத்தான் பேசினாள். தம்பி இரண்டு தடவையும் எங்கோ வெளியே போயிருந்தான்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஆபீஸுக்குப் போகிற வழியில் அண்ணன் வீட்டுக்கு முன்னால் செங்கல் குவியலைப் பார்த்தாள். அண்ணன் டிப்போவுக்கு லீவு போட்டுவிட்டு, ஒரு மேஸ்திரியோடு சேர்ந்து தானே கடப்பாறை பிடித்து முன்னறைச் சுவர்களை இடித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் சட்டம் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. முகமெல்லாம் சுண்ணாம்புத் தூள். அவளைப் பார்த்தார்.

"மூணு பக்கமும் திறந்துட்டா கணக்குல வராதுல்ல?"

"வராதுண்ணா."

"அப்ப நூறு அடி அவனுக்கு. பின்னால கை வைக்க மாட்டேன். உங்க அண்ணிக்கு அதுதான் இருக்கு."

அதை அவள் தம்பியிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறாரா, இல்லையா என்று அவளுக்குப் புரியவில்லை. ஆபீஸுக்குப் போய்விட்டாள். அண்ணனே எப்படியோ தம்பியிடம் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த மாதம் வேறொரு வீட்டு விஷயமாக அலுவலகக் கவுண்டரில் வரிசையில் நின்றபோது, அதிகாரி அவளை அடையாளம் கண்டுகொண்டு ஒரு கோப்பைத் தூக்கிக் காட்டினார்.

"உங்க வீட்டு பிளான் வந்திருக்கே. நானூத்தம்பது. நீங்க போடலியா?"

பெரிய ரோட்டில் இருக்கும் வேறு ஆபீஸின் முத்திரை அதில் இருந்தது. சொந்த வீட்டு பிளானைத் தானே போடுவது சரியாக இருக்காது என்று அவள் ஏதோ சொல்லிச் சமாளித்தாள். பின்னால் நின்றவர் நகரச் சொல்லி முதுகில் தட்டும்வரை அங்கேயே நின்றிருந்தாள்.

அந்த மாதத்திலிருந்து அவள் பால்கனி வேலையை நிறுத்திவிட்டாள். வேறு ஆளை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். எஞ்சினியருக்கு அது பிடிக்கவில்லை. பாதிப் பேர் அதற்காகத்தானே நம்மிடம் வருகிறார்கள் என்று முணுமுணுத்தார். அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த வேலையில் பாதி, புதிதாகச் சேர்ந்த பெண்ணின் மேஜைக்குப் போயிற்று.

மாடியில் வேலை ஆரம்பித்தது. முதல் மாதம் அவள் அந்தப் பக்கமே போகவில்லை. சுவர் இடுப்பளவு எழும்பியிருக்கும்போது தம்பி மனைவி போன் செய்து, ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் அக்கா என்றாள். ஏதோ இடிக்கிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை என்றாள்.

அவள் மேலே ஏறிப் போனபோது தம்பி மேஸ்திரியோடு பேசிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஒரு ஹால், ஒரு அறை, ஓரமாகச் சமையல், குளியலறை. நானூற்றைம்பது அடியில் நாலு பேருக்கு அதற்குமேல் என்ன வரும். தம்பி மனைவி சமையல் மூலையில் நின்று காட்டினாள். அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. பிளான் போட்டவர் தெருவை நேரில் வந்து பார்க்கவில்லை. ஜன்னலை எட்டு மாடிக் கட்டடம் நிற்கும் பக்கமாக வைத்துவிட்டார். நாலு மணிக்கு மேல் அந்த மூலையில் விளக்குப் போடாமல் உலை வைக்க முடியாது.

ஜன்னலை மூன்றடி தள்ளிப் பக்கத்துச் சுவரில் வைத்தால் சாயங்காலம்வரை வெளிச்சம் வரும் என்று தம்பி மனைவியிடம்தான் சொன்னாள். மேஸ்திரியும் கேட்டுக்கொண்டிருந்தார். சின்ன வேலைதான், எழுப்பின இரண்டு வரிசையைப் பிரிக்க வேண்டியிருக்கும் என்று அவர் தம்பியைப் பார்த்தார்.

தம்பி அந்த மூலைக்கு வந்து நின்று பெரிய ரோட்டுப் பக்கம் பார்த்தான். கண்ணை இடுக்கிக்கொண்டு கொஞ்சநேரம் பார்த்தான்.

"அவங்க சொல்ற மாதிரியே வெச்சிடுங்க" என்றான் மேஸ்திரியிடம்.

பிறந்ததிலிருந்து அவளை அக்கா என்று தவிர வேறு எப்படியும் அவன் சொன்னதில்லை. அவள் மேஸ்திரியிடம் ஜன்னலின் உயரத்தைச் சொல்லி, சுவரில் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தாள். பெரியவள் பக்கத்தில் வந்து நின்று, எங்கள் அறைக்கும் ஒரு ஜன்னல் உண்டா அத்தை என்று கேட்டாள். உண்டு, இரண்டு பேரும் சேர்ந்து எட்டிப் பார்க்கிற அளவுக்கு உண்டு என்றாள்.

கீழே இறங்கி வந்தபோது, திறந்து கிடந்த போர்ட்டிகோவில் அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காற்று பேப்பரைப் படிக்கவிடாமல் புரட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த நாற்காலியை அவள் பக்கமாக நகர்த்தினார்.

"பேசினானா?"

"ஜன்னலைப் பத்திப் பேசினான்."

அண்ணன் பேப்பரை மடித்து வைத்தார். பின்னறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மேலே மேஸ்திரி செங்கல்லைப் பிரித்தெடுக்கும் சத்தம் கேட்டது. இருவரும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டிப்போவுக்கு நேரமாகிவிட்டது என்று அண்ணன் எழுந்தபோது அவளும் எழுந்துகொண்டாள்.